வியட்நாம் நாவல்களில் சரியும் அரசவம்சங்கள்: ஹனோயிலிருந்து தான் ஹோவா வரை

திங்கள், ஹனோய்

ஹோவான் கியெம் ஏரிக்கரையில் மார்ச் மாதத்துத் தூறல். குடை பிடிக்கவும் தோன்றாது, பிடிக்காமல் இருக்கவும் முடியாது. ஏரி நடுவிலுள்ள ஆமைக் கோபுரத்தைப் படம் எடுக்கும் கூட்டத்தை விட்டு விலகி, மேற்குப் பக்கத் தெருக்களில் நடந்தேன். வங்கி, காபிக் கடை, செல்போன் கடை. 18-ஆம் நூற்றாண்டில் டிரின் பிரபுக்களின் அரண்மனை இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. லே வம்சத்தின் கடைசி மன்னர் ச்சியூ தோங், பிரபுக்கள் விழுந்த கையோடு அதைக் கொளுத்தச் சொன்னார். ஒரு வாரத்துக்கு மேல் எரிந்ததாம்.

பின்னால் வரும் பெயர்கள் குழப்பாமல் இருக்க இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். லே மன்னர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார். வடக்கை ஆள்பவர் டிரின் பிரபு. தெற்கு நுயென் பிரபுக்கள் கையில். மன்னருக்குப் பட்டம், பிரபுவுக்குப் படையும் கஜானாவும். கிட்டத்தட்ட இருநூறு வருடம் இப்படியே ஓடியது. 1771-இல் தை சோன் என்ற ஊரிலிருந்து மூன்று சகோதரர்கள் கலகக்கொடி தூக்கினார்கள். 1789-க்குள் பிரபுக்களும் இல்லை, லே மன்னரும் இல்லை.

இந்தச் சரிவைச் சொல்லும் பழைய வரலாற்று நாவல் ‘ஹோவாங் லே நியாத் தோங் ச்சி’. 17 அத்தியாயங்கள், செவ்வியல் சீனத்தில் எழுதப்பட்டது. வேலைக்காக சைகோனில் இருந்தபோது கற்ற வியட்நாமிய மொழியை வைத்து, அதன் வியட்நாமிய வடிவத்தை அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்து முடித்தேன். இந்தப் பயணமே அந்தப் படிப்பினால் வந்ததுதான்.

ஒரு பேரரசின் வீழ்ச்சியைச் சொல்ல வந்த நாவல் எதில் தொடங்க வேண்டும்? படையெடுப்பு, பஞ்சம், கெட்ட சகுனம் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இது ஒரு படுக்கையறைச் சண்டையை முன்னால் வைக்கிறது. டிரின் சாம் பிரபு, குவாங் நாம் படையெடுப்பில் கிடைத்த, இருட்டில் ஒளிரும் முத்து ஒன்றைத் தலைப்பாகையில் பதித்து வைத்திருக்கிறார். அவருடைய ஆசை நாயகி டாங் தி ஹுவே அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிறாள். “மெதுவாக, கீறல் விழுந்துவிடப் போகிறது” என்கிறார் பிரபு. அவள் அதைத் தரையில் வீசி எறிந்துவிட்டு அழுகிறாள். போனால் குவாங் நாமுக்குப் போய் இன்னொன்று தேடிக் கொடுத்தால் ஆயிற்று, மனுஷியைவிடப் பொருளா பெரிது என்று கேட்கிறாள். பிறகு கோபித்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுகிறாள். நாட்டையே ஆட்டிப் படைத்த மனிதர் அவளைச் சமாதானம் செய்யக் கெஞ்சுகிறார்.

அவ்வளவுதான் காட்சி. ஆனால் அடுத்த அத்தியாயங்களின் ரத்தம் முழுக்க இங்கிருந்துதான் ஓடுகிறது. அவளுக்கு மகன் பிறக்கிறான், பெயர் கான். மூத்த மகனை ஒதுக்கிவிட்டு அந்தக் குழந்தையை வாரிசாக்குகிறார் பிரபு. 1782-இல் அவர் இறந்ததும் அரண்மனைக் காவல் படையே கலகம் செய்து, ஆட்சியைத் தாங்கி நின்ற அமைச்சரைக் கொன்று, மூத்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பட்டம் கட்டுகிறது. அன்றிலிருந்து படைவீரன் வைத்ததுதான் சட்டம். அதிகாரிகளின் வீடுகளை அவர்கள் இடித்துத் தள்ளினார்கள், தட்டிக் கேட்க ஆள் இல்லை.

சரிவை அரண்மனைக்குள்ளேயே, அதுவும் வீட்டுப் பேச்சின் அளவில் பார்ப்பது இந்நூலின் பலம். இரவு உணவுக்குப் போன ஃபோ கடையிலும் இதே நினைப்பாகவே இருந்தது.

செவ்வாய், ஹனோய்

காலை முழுக்கப் புத்தகக் கடைகள். ஹனோயில் டின் லே என்று ஒரு சின்னத் தெரு, வரிசையாகப் புத்தகங்கள்தான். மாடியில் குறுகலான படி ஏறிப் போனால் இன்னும் கடைகள். இங்கே பள்ளி ஆசிரியையாக இருக்கும் தோழி ஒருவர் கூட வந்தார். இலக்கியம் கற்பிக்கிறார். என்னைவிட மூத்தவர், எனக்கு அக்கா முறை.

நாவல் தேடி வந்த எனக்கு அவர் முதலில் எடுத்துக் கொடுத்தது ஒரு பயணக் குறிப்பு. “இதைப் படிக்காமல் டிரின் அரண்மனையைப் பற்றிப் பேசாதே தம்பி” என்றார். லே ஹூ ட்ராக் என்ற மருத்துவர் எழுதியது. ஹா தின் பக்கத்து மலையடிவாரத்தில் ஒதுங்கி வாழ்ந்தவரை 1782-இல் தலைநகருக்கு அழைக்கிறார்கள். நோயாளி யார் தெரியுமா? நேற்று எழுதினேனே, முத்தை வீசியவளின் மகன் கான். அப்போது அவனுக்கு ஐந்தாறு வயது.

காபிக் கடையில் உட்கார்ந்து அந்தப் பகுதியை இருவரும் சேர்ந்து படித்தோம். கதவுக்குப் பின் கதவு. தாழ்வாரம், பூ வாசனை, தங்க வேலைப்பாடு. மருத்துவருக்குத் தங்கத் தட்டில் சாப்பாடு. அப்புறம் ஒரு இருட்டு அறை, அதில் திரைக்குப் பின் திரையாக ஐந்தாறு திரைகளைக் கடந்துபோக வேண்டும். உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சம். பொன் பூசிய இருக்கையில் சிவப்புப் பட்டு உடுத்திய ஒரு குழந்தை. வயதான மருத்துவர் தரையில் விழுந்து நான்கு முறை வணங்குகிறார். குழந்தை சிரித்துக்கொண்டே, இவர் நன்றாக வணங்குகிறார் என்று பாராட்டுகிறது.

சட்டையைக் கழற்றிப் பார்த்தால் எலும்பும் நரம்புமாக உடம்பு. மருத்துவரின் கணிப்பு சுருக்கமானது: திரைகளுக்கு நடுவிலேயே வளர்ந்ததும், அளவுக்கு மீறி ஊட்டியதும், அளவுக்கு மீறிப் போர்த்தியதும் சேர்ந்து உள்ளுறுப்புகளைப் பலவீனமாக்கிவிட்டன. நோய் நீக்கும் வழி அவருக்குத் தெரியும். ஆனால் சீக்கிரம் குணமாக்கிவிட்டால் பதவி கொடுத்து இங்கேயே கட்டிப் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அதையும் மறைக்காமல் எழுதுகிறார். மனசாட்சியோடு அவர் போராடும் அந்த நாலு வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இது புனைவு அல்ல. ஆனால் வியட்நாமிய வரலாற்று நாவலின் கண் எங்கிருந்து வந்தது என்று இதில் தெரிகிறது. அந்தக் குழந்தை சில மாதங்களில் பிரபுவாகி, சில வாரங்களில் பதவியிலிருந்து இறக்கப்பட்டு, பின் இறந்தும் போனது. மருத்துவர் யாரையும் சபிக்கவில்லை. நாடித்துடிப்பைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புகிறார்.

சாயங்காலம் வான் மியூ, இலக்கியக் கோயில். ஆமைகளின் முதுகில் நிற்கும் கல்வெட்டுகளில் பட்டம் வென்றவர்களின் பெயர்கள். எல்லாரும் படம் எடுக்கும் இடம். எனக்கு இங்கே ஒரே நினைவுதான். ங்கோ தி ந்யம் என்ற பேரறிஞர், லே அரசில் பதவி வகித்துவிட்டுத் தை சோன் பக்கம் போனவர். தை சோன் வீழ்ந்து, ஆட்சி பழைய தெற்குப் பிரபுக்களான நுயென் குடும்பத்தின் கைக்கு வந்ததும், 1803-இல், இதே கோயில் முன்பு அவரைக் கசையால் அடித்தார்கள். அந்த அடியில் இறந்தார். கற்றவர்களைக் கௌரவிக்கக் கட்டிய இடத்தில்.

புதன், தா தான் ஓவாய்

அக்காவின் ஸ்கூட்டரில் தா தான் ஓவாய் போனோம். ஹனோய்க்குத் தெற்கே ந்யூ ஆற்றங்கரையில் இருக்கும் கிராமம். இப்போது நகரம் அதுவரைக்கும் வந்துவிட்டது. ஆறு கறுத்துப் போய்க் கிடக்கிறது. சந்துகள் குறுகல், ஒரு வண்டி வந்தால் இன்னொன்று ஓரம் கட்ட வேண்டும்.

ங்கோ குடும்பத்தின் ஊர் இது. அந்த நாவலை எழுதியது ஒருவர் அல்ல, இந்தக் குடும்பம். முதல் 7 அத்தியாயங்கள் ங்கோ தி ச்சி எழுதியவை என்றும், அடுத்த 7 அவருடைய சித்தப்பா மகன் ங்கோ தி யூ எழுதியவை என்றும், கடைசி 3 பிறகு சேர்ந்தவை என்றும் பொதுவாகச் சொல்கிறார்கள். கசையடியில் இறந்த ந்யம், இந்த ச்சியின் சொந்த அண்ணன்.

அண்ணன் தை சோனுக்கு அமைச்சர். தம்பி லே மன்னருக்கு விசுவாசி. ஓடிப்போன மன்னரோடு கூடவே போய், படை திரட்ட லாங் சோன் நோக்கிக் கிளம்பி, வழியில் நோய் கண்டு 1788-இல் செத்துப்போனவர். லே அரண்மனையின் உப்பைத் தின்ற குடும்பம், ஒரே தலைமுறையில் இரண்டாகப் பிளந்தது. அந்தப் பிளவில் இருந்துகொண்டுதான் எழுதுகிறார்கள். 

இதை மனதில் வைத்துக்கொண்டு 14-ஆம் அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். வியட்நாமில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் அது தெரியும், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. குவாங் ட்ருங் என்று பட்டம் சூட்டிக்கொண்ட தை சோன் தலைவர், 1789 புத்தாண்டுச் சமயத்தில் சீனாவின் சிங் வம்சப் படையை அடித்து விரட்டும் அத்தியாயம். மூன்று மூன்று பலகைகளாகச் சேர்த்துக் கட்டி, ஈர வைக்கோலால் போர்த்தி, அதைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டு ங்கோக் ஹோய் கோட்டைக்குள் நுழையும் படை. பிள்ளைகளுக்கு இது மனப்பாடம் என்றார் அக்கா.

எனக்குப் பிடித்தது அதற்குச் சில பக்கங்கள் முன்னால் வருவது. சிங் படையைக் கூட்டிக்கொண்டு வந்து அரியணை ஏறிய ச்சியூ தோங், தினமும் காலையில் நாலைந்து பேரோடு குதிரையில் கிளம்பி, சிங் தளபதியின் முகாம் வாசலுக்குப் போய் நிற்கிறார். சில நாள் தளபதி பார்ப்பதுகூட இல்லை. ஒரு சேவகன் வந்து, இன்றைக்கு விசேஷமாக வேலை ஒன்றும் இல்லை, அரண்மனைக்குப் போய் ஓய்வெடுக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். நம் நாட்டில் மன்னர்கள் தோன்றிய நாளிலிருந்து இப்படிக் கூனிக் குறுகி நின்ற மன்னர் ஒருவரும் இல்லை என்று ஊர் ஜனங்கள் தங்களுக்குள் முணுமுணுக்கிறார்கள். பெயர்தான் மன்னர், ஆனால் ஆவணங்களில் போடுவதோ சீனப் பேரரசர் சியான்லோங்கின் ஆண்டு.

எதிரி எழுதிய வசை அல்ல இது. அந்த வம்சத்துக்குச் சேவகம் செய்த வீட்டுப் பிள்ளை எழுதியது. எழுதும்போது கை நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனாலும் எழுதினார். அந்த நேர்மைக்காகவே இந்த நூலை நான் பெரிய நூல் என்கிறேன்.

திரும்பும் வழியில் டோங் டா மேடு. சிங் வீரர்களின் பிணங்களை மூடிய மேடு என்பார்கள். மேலே ஏறினால் மரங்கள், பெஞ்சுகள். பூங்காவில் குவாங் ட்ருங்கின் பெரிய சிலை. வெற்றிக்குச் சிலை உண்டு. முகாம் வாசலில் காத்திருந்த மன்னருக்கு நாவலில் மட்டும்தான் இடம்.

வியாழன், ஹனோயிலிருந்து தெற்கே

பஸ் ஏறுவதற்கு முன் துய் கூவே தெருவில் டோங் கோ கோயிலுக்கு ஒரு நடை. வெண்கல முரசின் தெய்வம். 1028 முதல் லீ வம்ச மன்னர்கள் (லே அல்ல, அதற்கு வெகு முன்பு ஆண்டவர்கள்) ஆண்டுதோறும் இங்கே அதிகாரிகளைச் சத்தியம் செய்ய வைத்தார்கள்: பிள்ளையாக இருந்து பெற்றவருக்குத் துரோகம் செய்தால், ஊழியனாக இருந்து மன்னருக்குத் துரோகம் செய்தால் தெய்வங்கள் கொல்லட்டும் என்று. அடுத்து வந்த டிரான் வம்சமும் அதைத் தொடர்ந்தது.

நுயென் ஸுவான் கான் 2000-இல் வெளியிட்ட ‘ஹோ குவீ லீ’ நாவல் இந்தச் சத்தியச் சடங்கில்தான் தொடங்குகிறது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதி, டிரான் வம்சத்தின் அந்திமம். தலைப்பில் இருப்பவர் அந்த வம்சத்தைக் கவிழ்த்த அமைச்சர், நாளை நான் போகும் கோட்டையைக் கட்டியவர். மங்கோலியர்களை மூன்று முறை விரட்டிய வம்சம் இது. இப்போது தெற்கிலிருந்து சம்பா நாட்டுப் படை வந்து தலைநகரைச் சூறையாடிவிட்டுப் போகிற நிலை.

பஸ்ஸில் தூங்காமல் வேறு ஒரு சிறுகதைத் தொகுப்பையும் புரட்டினேன். நுயென் ஹுய் தியெப் 1988-இல் எழுதிய மூன்று வரலாற்றுக் கதைகள், தை சோன் வீழ்ந்து நுயென் எழுந்த காலத்தைப் பற்றியவை. வெளிவந்தபோது பெரிய சர்ச்சை, மாவீரர் குவாங் ட்ருங்கை இப்படியா காட்டுவது என்று. ஒரு கதைக்கு மூன்று முடிவுகள் தருகிறார், வாசகர் தேர்ந்துகொள்ளலாம். எனக்கு அந்தக் குளிர்ந்த கை பிடிபடவில்லை. அரசு எழும்போதே அது அழுகத் தொடங்கிவிட்டது என்கிறார். இருக்கலாம். ஆனால் அவர் பாத்திரங்கள் எதையும் இழந்து அழுவதில்லை. ங்கோ குடும்பம் அழுதது.

வெள்ளி, ஹோ கோட்டை

தான் ஹோவா நகரத்திலிருந்து வின் லோக் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வயல்களுக்கு நடுவே திடீரென்று தெற்கு வாசல், மூன்று வளைவுகள். 1397-இல் மூன்றே மாதத்தில் கட்டியது என்று வரலாறு சொல்கிறது. சாந்து இல்லாமல் அடுக்கிய கற்கள், பல கற்கள் 10 டன்னுக்கு மேல். கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு கற்களுக்கு நடுவில் விரல் நகம்கூட இறங்கவில்லை. மதிலுக்கு உள்ளே ஒரு பக்கம் கிட்டத்தட்ட 880 மீட்டர் நீளமுள்ள சதுரம். அரண்மனை இருந்த இடத்தில் நெல் நாற்று. நடுவே தலை இல்லாத இரண்டு கல் டிராகன்கள், படிக்கட்டின் கைப்பிடியாக இருந்தவை.

ஹோ குவீ லீ டிரான் மன்னர்களுக்கு அந்நியர் இல்லை. அவருடைய அத்தைகள் இருவர் மன்னர்களின் தாய்கள். அவர் கட்டியது டிரான் இளவரசியை. அவர் மகள் கடைசிக்கு முந்தைய மன்னர் துவான் தோங்கின் ராணி. 1394-இல் இறந்த முதிய மன்னர் ங்கே தோங், நான்கு உத்தம அமைச்சர்கள் இளம் மன்னர்களைக் காக்கும் ஓவியத்தை இவருக்குப் பரிசாகக் கொடுத்தார், நீயும் இப்படி இரு என்று. சில வருடத்தில் ஹோ தன் மருமகனைப் பதவியிலிருந்து இறக்கி, துறவியாக்கி, 1399-இல் கொல்ல வைத்தார். அடுத்த ஆண்டு சொந்தப் பேரனை இறக்கிவிட்டுத் தானே அரியணை ஏறினார்.

இப்படிச் சொன்னால் வில்லன். ஆனால் அதே மனிதர் 1396-இல் காகிதப் பணம் கொண்டுவந்தார். சின்ன நோட்டில் கடல்பாசி, பெரிய நோட்டில் டிராகன். ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு வரம்பு விதித்தார். டிரான் பிரபுக்கள் பண்ணை பண்ணையாக அடிமைகளை வைத்துக்கொண்டு சுகமாக இருந்த காலத்தில் இதெல்லாம் தேவைப்பட்டதுதான். நாவலாசிரியர் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்கிறார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் அருமை: நாவலின் பல பகுதிகளைச் சொல்வது ஹோவின் மூத்த மகன் நுயென் ட்ருங். அப்பாவின் அறிவை வியக்கிறான், அவர் கையிலுள்ள ரத்தத்தையும் பார்க்கிறான். சாகிற வம்சத்திடம் அவனுக்குப் பாசம் உண்டு, பிறக்கிற வம்சத்தில் அவனுக்குப் பங்கு உண்டு. ங்கோ குடும்பம் தற்செயலாக அனுபவித்ததை நுயென் ஸுவான் கான் தெரிந்தே கதைசொல்லியாக்கினார்.

நிஜ நுயென் ட்ருங்கைப் பற்றி வரலாற்றில் ஒரு வரி உண்டு. சீனாவின் மிங் வம்சப் படை வரப்போகிறது என்று 1405-இல் ஆலோசனை. சண்டைக்குப் பயமில்லை, ஜனங்களின் மனசு நம் பக்கம் இருக்குமா என்பதுதான் பயம் என்றான். அப்பா அவனுக்குத் தங்க வெற்றிலைப் பெட்டியைப் பரிசளித்தார். 1407-இல் எல்லோரும் சிறைபிடிக்கப்பட்டுச் சீனாவுக்குப் போனார்கள். அங்கே மிங் அரசுக்குப் பீரங்கி செய்துகொடுத்தபடி, முதுமையில் நுயென் ட்ருங் ஒரு சின்ன நூல் எழுதினார். அதன் முதல் கதையே முதிய டிரான் மன்னர் ங்கே தோங்கைப் பற்றியது, அதுவும் மரியாதையோடு. அப்பா அழித்த வம்சத்தை மகன் அந்நிய மண்ணில் உட்கார்ந்து நினைவுகூர்கிறார்.

கிழக்கு வாசல் பக்கம் பின் குவோங் என்ற பெண்ணுக்கு ஒரு கோயில். மதில் சரிந்துகொண்டே இருந்ததால் அவள் கணவனை அதில் உயிரோடு புதைத்தார்களாம். அவள் கல்லில் தலையை மோதி இறந்தாளாம். அந்தக் குழிகள் என்று ஒரு கல்லைக் காட்டுகிறார்கள். பூசாரிப் பாட்டி ஊதுபத்தி கொடுத்தார், ஏற்றினேன். கடைத்தெருவில் சே லாம் வாங்கினேன். ஒட்டும் அரிசி மாவு, வெல்லப்பாகு, இஞ்சி, நிலக்கடலை. தொண்டையில் இதமாக எரிகிறது.

சனி, டோன் சோன்

கோட்டைக்குத் தெற்கே தாழ்வான குன்று. 1399-இல் இங்கே ஒரு சத்தியச் சடங்கு. ஹோ குவீ லீ ஒரு மாடியில் உட்கார்ந்து பார்க்கிறார். அவரைக் கொல்ல ஏற்பாடு. வாள்வீரன் தயார். உத்தரவு கொடுக்க வேண்டியவர் தளபதி டிரான் காட் சான், 1390-இல் சம்பா மன்னரை வீழ்த்திய அதே மனிதர். அவர் கண்ணால் தடுத்தார். நேரம் போனது. ஹோ சந்தேகப்பட்டு எழுந்துவிட்டார். வாள்வீரன் வாளைத் தரையில் எறிந்துவிட்டு, எல்லோரும் சாகப் போகிறோம் என்றான். கொல்லப்பட்டவர்கள் 370-க்கு மேல்.

சத்தியத்தில் தொடங்கிய நாவல் இந்தச் சத்தியத்தில்தான் வந்து சேர்கிறது. எல்லாரும் தெய்வத்தின் முன் வாக்குக் கொடுத்தவர்கள், எல்லாரும் மனதில் வேறொன்று வைத்திருந்தவர்கள். தளபதி ஏன் தயங்கினார்? நேரம் பார்த்தாரா, மனசு வரவில்லையா? குன்றின் சரிவில் உட்கார்ந்து யோசித்தேன். சம்பா மன்னரைச் சுடச் சொல்லத் தயங்காதவர். எனக்குத் தோன்றுவது இதுதான்: எதிரியைக் கொல்வது அவருக்குத் தெரிந்த வேலை, கூடவே சத்தியம் செய்த மனிதரைக் கொல்வது தெரியாத வேலை.

ச்சியூ தோங்கின் அஸ்தியும் இந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. 1793-இல் பெய்ஜிங்கில் இறந்தார், 1804-இல் கொண்டுவந்து புதைத்தார்கள். ‘ஹோவாங் லே’யின் கடைசி அத்தியாயம் அதோடு முடிகிறது. வியட்நாமிலேயே தங்கிவிட்ட அவருடைய ராணி, பெட்டி வந்து சேர்ந்ததும் அழுது, நஞ்சு குடித்து இறக்கிறாள். முகாம் வாசலில் நின்ற மன்னரை அந்த நூல் மன்னிக்கவில்லை. ஆனால் அவரைப் புதைக்கும் வரைக்கும் கூடவே வருகிறது.

நாளைக்கு ஹுவே ரயில். நுயென் வம்சத்தின் தலைநகர். 1883-இல் மன்னர் து டுக் இறந்தபின், அடுத்து வந்தவர் மூன்றே நாள், அதற்கடுத்தவர் நாலு மாதம். அந்த அரண்மனையின் உள்ளிருந்து எழுதப்பட்ட கதைகளைத் தேட வேண்டும்.